அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை

வல்லத்திலிருந்தும் ஒலக்கூரிலிருந்தும், மயிலத்திலிருந்தும் மரக்காணத்திலிருந்தும், கோலியனூர், காணை, விக்கிரவாண்டிப் பக்கமிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே!

அறுபது நாள். இந்தக் கூட்டம் கூடியதே இந்த இரண்டு சொற்களுக்காகத்தான்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. இருபது ஆண்டுகளாக ஊர் முழுக்க நூறு நாள் வேலை என்று சொல்லிவந்த திட்டத்தில் காந்தியின் பெயரை எடுத்துவிட்டு, விக்சித் பாரத் ஜி ராம் ஜி என்று பெயர் சூட்டினார்கள். இனிமேல் நூறு நாள் இல்லை, நூற்று இருபத்தைந்து நாள் என்று தண்டோரா போட்டார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்டோராவில் சொல்லாத ஒரு வரி அதே சட்டத்துக்குள் இருக்கிறது. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கிற காலத்தில், ஆண்டுக்கு மொத்தம் அறுபது நாள் இந்த வேலையை நிறுத்திவைக்க வேண்டும். எந்த அறுபது நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

எதற்காக நிறுத்த வேண்டும்? ஏரியில் தண்ணீர் நிற்கிறது என்றா? காசு இல்லை என்றா? காரணத்தை அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். கழனி வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம்.

ஆள் கிடைக்கவில்லை! டீக்கடை பெஞ்சிலிருந்து டெல்லி வரைக்கும் இந்த ஒரே வாக்கியம்தான். ஆனால் இது பாதி வாக்கியம். மீதிப் பாதியைச் சொல்பவர்கள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். முழு வாக்கியம் இதுதான்: அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை.

திண்டிவனம் மல்லாட்டைக்குப் பேர்போன ஊர். இங்கே இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த விதைகளுக்கு டி.எம்.வி. என்று பெயர். டி.எம்.வி. என்றால் திண்டிவனம். அந்த விதையை விதைத்தவர்கள், களை எடுத்தவர்கள், பிடுங்கியவர்கள், ஆய்ந்தவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். இந்த ஊர் மார்க்கெட் கமிட்டிக்கு ஒரு பெரிய மனிதர் ஐம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு வந்து ஒரு மூட்டை மல்லாட்டை கேட்கிறார் என்று வையுங்கள். யார் கொடுப்பார்கள்? வெறுங்கையோடு வீட்டுக்குப் போய், 'திண்டிவனத்தில் மல்லாட்டையே இல்லை, ஊரே சோம்பேறியாகிவிட்டது' என்று சொன்னால் அவர் வீட்டுக் குழந்தைகூடச் சிரிக்கும். மல்லாட்டையைப் பற்றிச் சொன்னால் சிரிப்பு. மனுஷியைப் பற்றிச் சொன்னால் சட்டம்!

கூலியைக் கூட்டினால் வேலை போய்விடும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். வயிற்றைக் கட்டினால் பானையில் சோறு மிஞ்சும் என்கிற மாதிரிதான் இந்தப் பொருளாதாரமும்.

நியாயமான கூலி என்பது புதுப் பேச்சில்லை. 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலிக்கான மசோதாவை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவர் அன்று தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர். அது சட்டமானது 1948இல். அந்த ஆண்டு சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இதோ பக்கத்து ஓமந்தூரைச் சேர்ந்த விவசாயி, ஓ.பி. ராமசாமி ரெட்டியார். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இரண்டு பகுதிகள். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, பீடி, தோல் பதனிடுதல் எல்லாம் முதல் பகுதியில். கழனி வேலை இரண்டாவது பகுதியில். கழனிக்குக் கூலி நிர்ணயிக்கக் கூடுதல் அவகாசமும் கொடுத்தார்கள். பந்தி போட்ட முதல் நாளே கழனிக்காரிக்குக் கடைசி இலை. அன்றைக்குத் தொடங்கிய காத்திருப்பு இன்னும் முடியவில்லை.

கூலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இல்லாமலும் இல்லை. 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அந்தக் கணக்கைப் போட்டது. உழைக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி உணவு. நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. வாடகை. விறகு, விளக்கு, மற்றதற்கு ஐந்தில் ஒரு பங்கு. முதலாளிகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருந்த மாநாடுதான் அது. 1991இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒன்றைச் சேர்த்தது. ரெப்டகோஸ் பிரெட் என்கிற மருந்துக் கம்பெனியின் சென்னைத் தொழிலாளர்கள் போட்ட வழக்கு அது. பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், நல்லது கெட்டது, முதுமை இவற்றுக்காக இன்னொரு இருபத்தைந்து விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பு. சோறு மட்டும் போட்டால் அது கூலியாகாது, பிள்ளை படிக்கவும் வழி இருக்க வேண்டும் என்று இந்த நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் சொல்லி முப்பது ஆண்டுக்கு மேலாகிறது.

பிறகு மத்திய அரசே ஒரு குழு போட்டது. அனூப் சத்பதி தலைமையில் வல்லுநர் குழு. 2019இல் அறிக்கை வந்தது. 2018 ஜூலை விலைவாசிப்படி நாட்டுக்குப் பொதுவாக ஒரு நாள் கூலி 375 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. தமிழ்நாடு இருக்கிற வட்டாரத்துக்குத் தனிக் கணக்குப் போட்டு 414 ரூபாய் என்றது. இந்த எண்ணை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். நானூற்றுப் பதினாலு. அன்றைய விலைக்கு. அன்றைய அரிசிக்கு, அன்றைய கேஸ் சிலிண்டருக்கு.

2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அவர்கள் நிர்ணயித்த கூலி எவ்வளவு? 336 ரூபாய். ஏழு ஆண்டு கழித்து, 78 ரூபாய் குறைவாக! அதுவும் மண்ணை அளந்து பார்த்து, அளவு தேறினால்தான் முழுசாகக் கைக்கு வரும். இந்த 336 ரூபாய் பெண்களைக் கழனிப் பக்கம் வரவிடாமல் தடுக்கிறதாம். அப்படியானால் கழனியில் கொடுக்க நினைப்பது எவ்வளவு? 336 ரூபாய் கூலியோடு போட்டி போட முடியாதவர்கள்தான் 'ஆள் கிடைக்கவில்லை' என்கிறார்கள். இல்லை, தோழர்களே. அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை.

இந்த மாவட்டத்துக்கு இதைப் பேச ஒரு தனி உரிமை உண்டு. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி இந்தத் திட்டம் நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து போன பெயர்கள் ஆறுதான். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. அன்றைக்குக் கள்ளக்குறிச்சியும் சேர்ந்த பெரிய விழுப்புரம். தொடக்கத்தில் நாளுக்கு 80 ரூபாய்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது? பொழுது சாய்கிற நேரத்தில் தெருமுனையில் வந்து நின்று, 'நாளைக்கு நடவு, வந்துடுங்க' என்று ஒரு குரல். அவ்வளவுதான். கூலி எவ்வளவு என்று எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி. நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலை வந்த பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைப் பல ஊர்கள் கண்ணால் பார்த்தன. தமிழ்நாட்டில் இந்த வேலையில் பதிவாகிற உழைப்பு நாட்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேலே பெண்களுடையது. 'நாளைக்கு நடவு' என்று வந்த குரலுக்கு அந்தப் பெண்கள் முதன்முறையாகத் திரும்பிக் கேட்டார்கள்: 'கூலி எவ்வளவு?' இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லைக் கேட்கவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அறுபது நாள்.

அறுபது நாளையும் எங்கே வைக்கிறார்கள் பாருங்கள். கோடை வெயிலிலா? மழை கொட்டுகிற நாளிலா? நடவிலும் அறுப்பிலும் வைக்கிறார்கள். உழைப்பவளுக்கு ஆண்டில் எந்த நாளில் பேரம் பேச முடியுமோ, எந்த நாளில் அவள் கேட்கிற கூலி கிடைக்குமோ, அந்த நாளைப் பார்த்துப் பூட்டுகிறார்கள்.

திண்டிவனம் சிப்காட்டுக்கு வாருங்கள். அங்கே 400 கோடி ரூபாயில் ஆலை கட்ட டாபர் கம்பெனி 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஆலை வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. ஓர் ஆலை கூடுதல் சம்பளம் கொடுத்து ஊர் ஆளையெல்லாம் எடுத்துக்கொண்டால், கழனிக்கு ஆள் போதவில்லை, நடவு முடியும்வரை அறுபது நாள் கேட்டைப் பூட்டு என்று யாராவது சொல்வார்களா? நம் பையன் சென்னையில் கட்டிட வேலைக்குப் போகிறானே, அந்தக் கட்டிடத்தை நிறுத்துவார்களா? மாட்டார்கள். ஆள் எடுக்கிற எவனுடைய வாசலையும் பூட்டாதவர்கள், ஏழைப் பெண்ணின் ஏரிக்கரையை மட்டும் பூட்டுகிறார்கள்!

கூலி உயர்ந்தால் வேலை போகும் என்கிற வாதத்தைப் படித்தவர்கள் சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா கூட்டவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இருவர் இரண்டு பக்கமும் 410 பர்கர் கடைகளில் வேலை செய்தவர்களின் தலையை எண்ணினார்கள். கூலி கூடிய பக்கம் வேலை குறையவில்லை. கார்டுக்கு 2021இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பர்கர் கடைக்கும் பயிருக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள்.

சரி, பயிருக்கே வருவோம். பிரிவதற்கு முந்தைய ஆந்திரத்தில், ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் வாழ்கிற 157 மண்டலங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இதே நூறு நாள் வேலையின் கூலியை ஒழுங்காகக் கையில் சேர்க்க ஸ்மார்ட் கார்டு கொடுத்தார்கள். முதலில் எந்த மண்டலத்துக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். நம் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் இரண்டு கூட்டாளிகளும் நடத்திய அந்த ஆய்வு 2023இல் எக்கனாமெட்ரிக்கா என்ற இதழில் வந்தது. திட்டம் ஒழுங்காக நடந்த மண்டலங்களில் ஏழைகளின் வருமானம் கூடியது. கூடியதில் பெரும்பகுதி அரசு கொடுத்த காசு அல்ல. கழனியிலும் பிற இடங்களிலும் வெளிக் கூலி உயர்ந்து வந்த காசு. அப்படிக் கூலி உயர்ந்த இடத்தில் தனியாரிடம் வேலை குறைந்ததா? குறையவில்லை, கூடியது!

எப்படிக் கூடும்? ஓர் ஊரில் கூலி கொடுக்கிற கை நாலு, கூலி வாங்குகிற கை நானூறு. நாலு பேரும் ஒருவரையொருவர் கலந்து பேசி வைத்ததுதான் கூலி. அந்தக் கூலிக்குப் போவதைவிட வீட்டில் ஆடு மேய்க்கலாம் என்று பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். கூலி ஏறட்டும், நின்றவர்களும் வருவார்கள். கையில் காசு புரளும், கடைத்தெரு ஓடும், கொத்தனாருக்கு வேலை வரும். இதைப் புரிந்துகொள்ள நோபல் வேண்டாம், களத்துமேட்டில் ஒரு நாள் நின்றால் போதும்.

கடல் கடந்தும் இதே கதைதான். இலங்கை மலையகத்தில் தேயிலை பறிக்கிற நம் மக்கள் நாளுக்கு அந்நாட்டுப் பணத்தில் ஆயிரம் ரூபாய் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். தோட்டம் தாங்காது என்று கம்பெனிகள் கையை விரித்தன. 2021இல் ஆயிரம் ரூபாய் அரசிதழில் வந்தது. 2024இல் 1,700 என்று அரசிதழ் வந்ததும் கம்பெனிகள் நீதிமன்றம் ஓடின. அந்த ஆண்டே அடிப்படைக் கூலி 1,350 ரூபாயானது. ஆயிரத்துக்கே தாங்காது என்ற தோட்டம் 1,350க்கும் தாங்கியது. தோட்டத்தைத் தாங்குகிறவர்களும் கூடையைச் சுமக்கிற அதே பெண்கள்தான்.

கூலி கேட்டதற்கு இந்த மண் என்ன பதில் சொன்னது என்பதை மறக்கலாமா? 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி நெல்லை அரைப் படி கூட்டிக் கேட்ட சங்கத்துக்காரர்களின் சேரி. குடிசைக்குள் ஒண்டிய 44 பேரை, பெண்களையும் பிள்ளைகளையும் முதியவர்களையும், உயிரோடு கொளுத்தினார்கள். அரைப் படி நெல்! அந்தச் சாம்பலுக்குப் பிறகுதான் 1969இல் தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அன்றைக்கு நெருப்பை எடுத்தார்கள். இன்றைக்குப் பூட்டை எடுக்கிறார்கள்.

கூலியைக் கொடுக்கிற லட்சணத்தையும் பார்ப்போம். வேலை முடிந்து பதினைந்து நாளுக்குள் கூலி வர வேண்டும் என்பது நூறு நாள் சட்டம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. நெல் போனது, ஆடு மாடு போனது, வீடு இடிந்தது. கையில் காசு எப்போது வேண்டும்? அப்போதுதானே? அந்த நேரத்தில்தான் தமிழ்நாட்டுக்குக் கூலிப் பணம் நின்றது. 1,056 கோடி ரூபாய் பாக்கி, உடனே விடுங்கள் என்று 2025 ஜனவரி 13ஆம் தேதி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது. தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டு என்கிறது சட்டம். நாளுக்கு 0.05 விழுக்காடு. ஆயிரம் ரூபாய்க்கு ஐம்பது காசு. ஐம்பது காசை நஷ்டஈடு என்று எழுதிவைத்திருக்கிறார்கள்! நம் ஊர்க் கந்துவட்டிக்காரன் இந்தக் கணக்கைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பான்.

இனி அந்தக் காசும் சுலபமாக வராது. முன்பு கூலிச் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. புதுச் சட்டத்தில் நூற்றுக்கு நாற்பது மாநிலத்தின் தலையில். நிதி இல்லை என்று ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். நடுவில் நிற்பவள் மண்வெட்டிக்காரி.

ஏரி வேலை இல்லாத அறுபது நாளில் நிலமும் இல்லாத குடும்பம் எங்கே போகும்? திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியையும், அவர் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தையும் தெரியாதவர்கள் இல்லை. இருளர் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போய், பிள்ளைகளோடு மாட்டிக்கொண்ட கதைகளை இந்தப் பக்கத்துக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் உள்ளூரில் வேலை நிற்கிற நாளைத்தான் மேஸ்திரி எதிர்பார்க்கிறான், முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்க.

உச்ச நீதிமன்றம் 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக்காகக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்றது. அரசியல் சட்டம் 23ஆம் பிரிவில் தடை செய்திருக்கிற குற்றம் அது. மறு ஆண்டு, ராஜஸ்தான் பஞ்ச நிவாரண வேலைக்கும் அது பொருந்தும் என்றது. நிவாரணம் என்று பெயர் வைத்தாலும் வேலை வேலைதான், கூலி கூலிதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 414 என்று கணக்குக் காட்டிவிட்டு 336 கொடுப்பதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

கூட்டத்தில் காணி, அரைக் காணி வைத்திருக்கிற விவசாயிகளும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் மேல் இந்த மேடைக்குக் கோபம் கிடையாது. பாதி நாள் உங்கள் கழனியில், மீதி நாள் அடுத்தவர் கழனியில் உழைக்கிறவர்கள் நீங்கள். உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம். ஆனால் எரிய வைத்தவன் யார்? 2025-26இல் மத்திய அரசு சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு அறிவித்த ஆதரவு விலை 2,369 ரூபாய். கரும்புக்கு 355. முழுச் செலவோடு பாதி சேர்த்து விலை கொடுங்கள் என்று எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையம் சொல்லி இருபது ஆண்டாகப் போகிறது. அந்த விலையைக் கொடுக்காதவர்கள், உங்கள் நஷ்டத்தை நடவுக்காரியின் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கரும்புக்கு நியாய விலை கிடைத்தால் வெட்டுகிறவனுக்குக் கூலி கொடுக்க எந்த விவசாயி மறுப்பான்? உங்களுக்குள்ளே சண்டை மூட்டிவிட்டு ஊரைத் தாண்டி நிற்கிறவனைப் பாருங்கள்.

இந்தக் கூட்டத்தின் கோரிக்கைகள் மூன்று. நடவிலும் அறுப்பிலும் வேலையைப் பூட்டும் அறுபது நாள் விதி நீக்கப்பட வேண்டும். அது நீங்கும்வரை, இந்த மாவட்டத்துக்குப் பூட்டு நாட்களைத் தமிழ்நாடு அரசு அறிவிக்கக் கூடாது. 2018 விலைவாசிக்குக் கணக்கிட்ட 414 ரூபாயை இன்றைய விலைவாசிக்கு ஏற்றி, அதையே ஏரி வேலைக்கும் கழனி வேலைக்கும் அடிமட்டக் கூலியாக அறிவிக்க வேண்டும்.

மே 1 அன்று ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடும். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். போகாதீர்கள். எழுந்து நின்று இந்த மூன்றையும் சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அறுபது நாளும் 414உம் அதில் இருக்கிறதா என்று காதால் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.